அசம்பாவிதம் நேரின்

எனக்கு நன்றாக எழுத வரும் என்று இருபத்தாறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவரின் குடிப்பழக்கம் அவர் வீட்டாருக்கு மட்டும் தெரிந்திருப்பதுபோல, என்னுடைய இந்தப் பழக்கம் என் மனைவி சாந்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள் வெளியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பள்ளிக்கூடம் தப்பித்திருக்கும்.

உத்திரமேரூர்ப் பக்கம் எந்த ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் அவருக்கு வாழ்த்து மடல் என் கையால்தான். முப்பது வருஷம் வகுப்பில் தூங்கிய ஒருவரை "விழித்திருந்து விளக்கேற்றிய வித்தகரே" என்று எழுதி, அவர் மனைவியை மேடையிலேயே கண்ணீர் விடவைத்தவன் நான். (அது சிரிப்பால் வந்த கண்ணீரோ என்ற சந்தேகம் இப்போதுதான் வருகிறது.)

நான் அப்போது தலைமையாசிரியராக இருந்தது, திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம். என்னால் அந்த ஊர் பட்டது போதும். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தொடக்கப்பள்ளி. இரண்டு அறைகள், நாற்பத்து மூன்று பிள்ளைகள், நான், மேரி டீச்சர். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் பெற்றோர் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள்.

கொரோனா வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளி பூட்டிக் கிடந்தது. இரண்டாம் வகுப்பில் விட்ட பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்திருந்தது, ஆனால் 'அ' எழுதச் சொன்னால் யோசித்தது. பெரிய பெண்கள் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். பையன்கள் நாற்று முடிச்சு தூக்கினார்கள். பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு வேறு. அங்கே போக லாரிகள் பறக்கும் ரோட்டைக் கடக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கடக்கமாட்டார்கள், வயலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவன்தான் பின்னால் வரும் காரியத்தைச் செய்தான்.

தொடக்கப்பள்ளிகளைத் திறக்கலாம் என்று ஒருவழியாக உத்தரவு வந்தது. கூடவே செய்ய வேண்டியவை என்று ஒரு நீளமான பட்டியல். நானும் மேரி டீச்சரும் ஒரு வாரம் மாடாக உழைத்தோம். கழிப்பறையில் இருந்த குளவிக்கூட்டை அகற்றினோம். அலமாரிக்குள் கிடந்த பாம்புச் சட்டையை (பாம்பு எங்கே என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை) எடுத்துப்போட்டோம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினோம். பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்காரச் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். சோப்பு, முகக்கவசம், நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி எல்லாம் தயார். ஒரு குறை சொல்ல முடியாது.

பட்டியலின் கடைசி வரி: பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் பெற வேண்டும். அதற்கு ஒரு மாதிரிப் படிவமும் வைத்திருந்தார்கள். "என் மகன்/மகள் பள்ளிக்கு வர எனக்குச் சம்மதம்" என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

எனக்கு அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வரலாற்றில் இல்லாத ஒரு துயரத்துக்குப் பிறகு பள்ளி திறக்கிறது, அதற்கு இரண்டே வரியா? ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, மூன்று டம்ளர் காப்பியில் இப்படி எழுதி முடித்தேன்:

"ஒப்புதல் உறுதிமொழிப் பத்திரம். கொடுந்தொற்றின் கோரப்பிடியில் வையகமே சிக்குண்டு, உயிர்கள் உதிர்ந்துகொண்டிருக்கும் இவ்வேளையில், ........ ஆகிய நான், என் அருமைச் செல்வம் ........ஐ, எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழு மனதுடனும் சுயநினைவுடனும் பள்ளியிடம் ஒப்படைக்கிறேன். ஏதேனும் அசம்பாவிதம் நேரின் அதற்குப் பள்ளியோ தலைமையாசிரியரோ பொறுப்பல்லர் என்பதையும், எது நேர்ந்தாலும் முழுப் பொறுப்பும் என்னையே சாரும் என்பதையும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்."

கீழே பெற்றோர் கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை. அதற்கும் கீழே சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு. (சாட்சியை யாரும் கேட்கவில்லை. பக்கத்தின் அடியில் வெற்றிடம் இருந்தது, அழகாக நிரப்பலாமே என்று தோன்றியது.)

உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நெலம் கிரயம் பண்றீங்களா?" என்றார். என் நடைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மேரி டீச்சரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "சார், கொஞ்சம் கனமா இருக்கு" என்றார். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எதைச் சொன்னாலும் பாராட்டாகத்தான் கேட்கும்.

பத்திரங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த டிராக்டர் டிரைவர் ஏழுமலையிடம் கொடுத்தேன். தெருவில் எல்லாருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, திறக்கிற அன்று பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பச் சொன்னேன். ஏழுமலை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "சரி சார்" என்று வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. நடவு சமயம், சேற்றில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

திறக்கும் நாள் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் மாவிலை, பலூன், தட்டில் கற்கண்டு. சத்துணவு ஆயாம்மா நாற்பத்து மூன்று முட்டை வேகவைத்திருந்தார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காய்ச்சல் துப்பாக்கியோடு காவல்காரன் மாதிரி நின்றேன்.

ஒன்பது மணி. யாரும் இல்லை. ஒன்பதேகால். யாரும் இல்லை. துப்பாக்கி வேலை செய்கிறதா என்று என் நெற்றியிலேயே சுட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. ஒன்பதரைக்கு ஒரு வெள்ளாடு வந்து, மாவிலையை எட்டிக் கடித்துவிட்டுப் போயிற்று.

"மழையினால லேட்டாவுது போல" என்றேன்.

மேரி டீச்சர் கற்கண்டுத் தட்டை மூடிவைத்தார். பலூன் ஒன்று தானாக வெடித்தது.

பத்து மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் பைக்கில் வந்து இறங்கினார். பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்துப் படமெடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்று வந்தவர். மழைக்கோட்டைக் கழற்றியபடி உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்று சுண்ணாம்பு வட்டங்கள் அவரைப் பார்த்தன.

"பசங்க எங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்க சார்."

"எங்கிருந்து?"

நான் தெருவைப் பார்த்தேன். அவர் மேசைமேல் மிச்சமிருந்த பத்திரம் ஒன்றை எடுத்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"யார் எழுதினது இது?"

"நான்தான் சார்." (அந்த நிமிஷத்திலும் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்கிறேன்.)

"நாங்க அனுப்புன மாதிரிப் படிவம் என்ன ஆச்சு?"

"அது ரொம்ப எளிமையா இருந்தது சார்."

அவர் தாளை மேசைமேல் திருப்பி வைத்தார். "சார், இதைப் படிச்சா நானே என் பொண்ணை உங்ககிட்ட அனுப்ப மாட்டேன். அடுத்த ஊர் ஸ்கூலைப் பார்த்துட்டு வர்றேன். மூணு மணிக்கு நான் எண்ணிக்கை அனுப்பணும். பூஜ்யம்னா பூஜ்யம்னுதான் போகும். முதல் நாளே பூஜ்யம்னா அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அவர் போனதும் மேரி டீச்சரை முட்டைகளுக்குக் காவலாக விட்டுவிட்டு, மழையில் தெருவுக்கு நடந்தேன். புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

தெருமுனையில் டிராக்டர் டிப்பரிலிருந்து இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் அடியில் ஏழுமலையும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். மழையால் நடவு நின்றிருந்தது. அவர்களைச் சுற்றி என் மாணவர்கள் அத்தனை பேரும் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தாய்மார்கள் கோழி குஞ்சுகளைக் கூட்டுவதுபோல ஆளுக்கொரு பிள்ளையை இழுத்துப் பின்னால் மறைத்தார்கள். இருபத்தாறு வருஷ வேலையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"இன்னா ஏழுமலை, பிள்ளைங்கள அனுப்பலையே?"

"எப்டி சார் அனுப்பறது? புள்ளைங்கள எழுதிக் குடுக்கச் சொல்றியே."

"எழுதியா? அது சும்மா ஒரு சம்பிரதாயம்."

"சும்மான்னா இன்னாத்துக்கு ரெண்டு சாட்சி?"

கூட்டத்தில் ஒரு பெண், "சுயநினைவோடன்னு போட்டுக்கீறீங்களே, நாங்க நெனவில்லாம கீறோமா?" என்றாள்.

இன்னொருவர், "இன்னாவோ உதுருதுன்னு போட்டுக்கீதே, இன்னா சார் உதுருது?" என்றார்.

"உயிர்கள்" என்றேன். என் வாயாலேயே.

"யாரோட உசுரு?"

உவமை, அடுக்குமொழி, எதுகை எதுவுமே அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

"உங்களுக்கெல்லாம் யார் படிச்சுக் காட்டினது?" என்று கேட்டேன். பழியை வேறு யார் மேலாவது போட இடம் தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அமலாதான் படிச்சிது" என்றார் ஏழுமலை. குரல் இறங்கியது. "கடைசி வரி வரிக்கும் வந்துது. அப்பால நிறுத்திட்டு காயிதத்த கீழ வெச்சிட்டு வூட்டுக்குள்ள பூடுச்சி. அது அனுப்பாதுன்னதும் யாருமே அனுப்பல சார்."

அமலா, நான்காம் வகுப்பு ஜெனிஃபரின் அம்மா. பத்தாவது வரை படித்தவர். அவர் கணவர் பெயின்டர். இரண்டாவது அலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அது தெரியும். பள்ளியின் வாட்ஸப் குழுவில் பன்னிரண்டு வரியில் இரங்கல் எழுதிப் போட்டிருந்தேன். பலபேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பள்ளியிலிருந்து அவர் வீடு ஐந்து நிமிஷ நடை. நான் அங்கே போகவில்லை. எழுதிவிட்டேனே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்த வீட்டு வாசலில் நின்றேன். ஏழுமலையும் கூட வந்தார். அமலா உள்ளே கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார். ஜெனிஃபர் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். யூனிஃபார்ம் போட்டிருந்தாள். பழைய யூனிஃபார்ம், முட்டிக்கு மேலே ஏறியிருந்தது.

"உள்ள வாங்க சார்" என்றார் அமலா. ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்கார முடியவில்லை.

"அந்தக் கடிதம் தப்பும்மா. நான்தான் ஏதோ..."

"தப்பு இல்ல சார். சரியாத்தான் எழுதிக்கீறீங்க." அவர் பாத்திரத்தைப் பார்த்தபடியே பேசினார். "எது நேர்ந்தாலும் முழுப் பொறுப்பும் என்னையே சாரும். இதே வார்த்தைதான் சார் அங்கயும் இருந்துது. அவர உள்ள இட்டுக்கினு போறதுக்கு முன்னாடி ஒரு காயிதம் நீட்டுனாங்க. அவருக்கு மூச்சு வாங்குது, படிக்க எங்க நேரம்? போட்டுட்டேன். நானும் கூட வரேன்னேன், கூடாதுன்னுட்டாங்க. அஞ்சாம் நாளு சுத்திக் கட்டிக் குடுத்தாங்க. மூஞ்சியக்கூட பாக்கல."

ஏழுமலை வேறு பக்கம் பார்த்தார்.

"அவங்க மேல தப்பு சொல்லல சார். அவங்களும் பாவம், ஓடிக்கினே இருந்தாங்க. ஆனா அந்தக் கையெழுத்து நான் போட்டது. இப்ப இவளுக்கும் போடச் சொல்றீங்களா?"

நான் நாற்பத்தொன்பது வயது ஆண். வாழ்த்து மடல்களில் 'சொல்வேந்தர்' என்று என்னையே நான் குறிப்பிட்டுக்கொண்டதுண்டு. மூக்குக்கண்ணாடியில் மழைத்தண்ணீர், அதைத் துடைக்கும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

"கையெழுத்தே வேணாம்மா" என்றேன். "நான் மேல சொல்லிக்கறேன்."

"வேணும் சார்" என்றார் அமலா. "கையெழுத்து வேணும். ஆனா நாங்க போடக் கூடாது, நீங்க போடணும்."

"நானா?"

"ரேஷன்ல அரிசி வாங்குனா யாரு கைரேகை வெக்கறது? வாங்கறவங்கதான? நாங்க புள்ளய குடுக்கறோம், நீங்க வாங்கறீங்க. வாங்கறவங்கதான் சார் கையெழுத்துப் போடணும்."

ஏழுமலை, "கரீட்டு" என்றார்.

நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜெனிஃபரின் பழைய நோட்டில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார்கள். பேனாவைத் திறந்ததும் கை பழக்கதோஷத்தில் "பேரன்புமிக்க பெற்றோர் பெருமக்களே" என்று ஆரம்பித்துவிட்டது.

"சார், மறுபடியும் பேஜார் பண்ணாத" என்றார் ஏழுமலை. "நாங்க சொல்றோம், நீ எழுது."

அவர்கள் சொன்னார்கள். நான் எழுதினேன். எனக்கு நானே சொல்வதெழுதுதல் வைத்ததுபோல இருந்தது. "உங்கள் பிள்ளையை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். உடம்பு சரியில்லை என்றால் உடனே உங்களிடம் சொல்லி, நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன்."

கையெழுத்துப் போடப் போனேன்.

"கூடவே இருக்கறேன்னு போடுங்க சார்" என்றார் அமலா.

அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

"சாட்சி?" என்றார் ஏழுமலை. "நீ மட்டும் ரெண்டு கேட்டியே?"

போன் செய்து மேரி டீச்சரை வரவழைத்தேன். முட்டைகளை ஆயாம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். இரண்டாவது சாட்சிக்கு என்ன செய்வது என்று நின்றிருந்தபோது, என்னைத் தேடிக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலர் தெருவுக்குள் பைக்கில் வந்தார். விஷயத்தைக் கேட்டார். பேனாவை வாங்கினார். பைக் சீட்டின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "சுருக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வீட்டுக்குக் கொடுத்ததும் எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்றார்கள். ஜெராக்ஸ் கூடாது, கையால் எழுதியதுதான் வேண்டும். இருபத்தேழு குடும்பம். அந்தத் தார்ப்பாயின் அடியில் உட்கார்ந்து எழுதினேன். இருபத்தேழிலும் ஓர் உவமைகூட இல்லை. விரல் மரத்துப்போயிற்று. மூன்று மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் வட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று முட்டை கிடைத்தது. பதினான்கு என்று எண்ணிக்கை மேலே போயிற்று.

ஜெனிஃபர் அன்று வரவில்லை. அமலா கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்து, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாள் காலை மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவளை உள்ளே விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே குடையோடு உட்கார்ந்தார். மாலை வரை எழுந்திருக்கவில்லை. வெளியாட்கள் பள்ளி வாசலில் கூடக்கூடாது என்று பட்டியலில் இருந்தது. நான் அந்த வரியைப் படிக்காததுபோல இருந்துகொண்டேன். கார்த்திகை வரை அப்படித்தான் தினமும் வந்து உட்கார்ந்தார். வகுப்பிலிருந்து பார்த்தால் கம்பிகளுக்கு நடுவில் அந்தக் கறுப்புக் குடை தெரியும். பாடம் நடத்தும்போது என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நாற்பத்து மூன்றில் ஐந்து பேர் வரவே இல்லை. மூன்று பேர் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். மற்ற இரண்டு பேர் எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்த வீடுகளுக்கும் என் பத்திரம் போயிருந்தது. அதனால்தான் போனார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பொங்கலுக்கு முன்னாலேயே மறுபடியும் பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அடுத்த அலை. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அமலா கோபப்படவில்லை. "கூட இருக்கறேன்னு எழுதிக் குடுத்தீங்களே சார்" என்று மட்டும் கேட்டார். ஜெனிஃபர் என்னைப் பார்த்தாள். அந்த மாதம் முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் அந்தத் தெருவுக்குப் போய், பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டு சாட்சியோடு எழுதிக் கொடுத்தவனுக்கு வேறு என்ன வழி?

பிப்ரவரியில் திறந்தோம். அடுத்த வருஷம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆயிற்று. இந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன், ஊர் நினைக்கவில்லை. "சார் பூட்டாரு, அவரு எழுதிக் குடுத்தது இன்னா ஆவறது?" என்று ஏழுமலை புதுத் தலைமையாசிரியையிடம் போய் நின்றிருக்கிறார். அந்த அம்மாவும் உட்கார்ந்து எல்லாக் குடும்பத்துக்கும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், தங்கள் கையெழுத்தைப் போட்டதும், இன்னொரு தாளை எடுத்துத் தலைமையாசிரியர் பக்கம் தள்ளுகிறார்களாம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கை நடக்கும்போது அந்தத் தலைமையாசிரியையிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும். எழுதி எழுதி விரல் வலிக்கிறது என்று திட்டுவதற்குத்தான். நான் எடுப்பதில்லை, சாந்தி எடுப்பாள். போன ஜூனில், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எழுத சாரை ஒருநாள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் சாந்தி, நான் கேட்கும்படி. "ஆனா வீட்ல நாங்க அவரை மளிகைச் சீட்டுகூட எழுத விடறதில்ல."